இடது இருக்கையின் எடை

குருவைத் தேடி மலைக்குப் போகிறவர்கள் உண்டு. திருமூர்த்தி சிங்காநல்லூருக்குப் போனான்.

அங்கே ஒரு சந்தில், தகரக் கொட்டகையின் கீழே, மயிலாத்தாள் கார்களுக்கு அடிப்பாகம் பார்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்தி நாலு. பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. வண்டி கொண்டு வருகிறவர்கள் மாஸ்டர் என்பார்கள். டீக்கடைக்காரர் மாஸ்டர் என்பார். பெற்ற தாயே கடைக்கு ஃபோன் போட்டு, "மாஸ்டர் சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்பாள்.

திருமூர்த்திக்கு ஐம்பத்தி ஒன்று. பீளமேட்டில் தனி வீடு. தனி என்றால் எல்லா விதத்திலும் தனி. வீட்டு முன்னால் முப்பது வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கும். ரெண்டே சீட்டு. தரையோடு தரையாக, வெயிலில் படுத்த நாய் மாதிரி.

"என்னங்ணா கம்ப்ளெய்ண்ட்டு?" என்றார் மாஸ்டர்.

"சத்தம் வருது, மாஸ்டர்."

"டொக்குன்னு வருதா, டொடக்குன்னு வருதா?"

குரல் காட்டுவதில் திருமூர்த்தி கெட்டிக்காரன். கண்ணை மூடிக்கொண்டு, கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குவதை நின்ற இடத்திலேயே நடத்திக் காட்டினான். எஞ்சின் உறுமியது. கியர் இறங்கியது. பிரேக் கிறீச்சிட்டது. கடைசியில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு "டொடக்".

மாஸ்டர் சிரிக்கவில்லை. "முன்னாடி, இடது பக்கம். லோயர் ஆர்ம் புஷ்ஷு. கிழிஞ்சிருக்கும்."

"கிழிஞ்சுதான் இருக்குது. மூணு தடவை மாத்திட்டேன். மூணும் நானேதான், வீட்லயேதான். ஒண்ணும் நாலு மாசம் தாங்கலை."

"வலது பக்கம்?"

"அது கம்பெனியில போட்டது. கல்லாட்ட இருக்குது. நீங்க ரிப்பேர் பண்ணித் தர வேண்டாம், மாஸ்டர். ஏன் கிழியுதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

மாஸ்டர் ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். நீங்க செய்யுங்க. நான் பாக்கறேன்."

*

புஷ் என்பது சின்னச் சமாச்சாரம். ரெண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒரு வளையம் ரப்பர், அவ்வளவுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, அதாவது ஆர்ம், வண்டியோடு சேருகிற மூட்டில் அது உட்கார்ந்திருக்கும். ரோட்டின் மேடு பள்ளத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஒழுங்காக மாட்டினால் பத்து வருஷம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"ஒரு ரவுண்டு போலாங்ணா. சத்தத்தைக் கேக்கோணும்."

இடது பக்கக் கதவைத் திறந்தார். சீட்டின் மேல் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதன் குறுக்கே பெல்ட் மாட்டிப் பூட்டியிருந்தது.

"அதுல வேண்டாம், மாஸ்டர்," என்றான் திருமூர்த்தி.

மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். கார் முன்னே போக, இடது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்கூட்டரை ஒட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு தெரு, மூன்று வேகத்தடை.

திரும்பி வந்ததும் சொன்னார்: "ரெண்டு சத்தம் கேட்டுச்சுங்ணா."

"ரெண்டா?"

"ஒண்ணு டொடக்கு. இன்னொண்ணு பொம்பளைக் குரலு. 'நூறு, வலது மூணு, மேடு, மிதி'ன்னு."

திருமூர்த்தியின் காது சிவந்தது. "அது நான்தான். ஒரு பழக்கம்."

"நீங்கதான்னு தெரியுதுங்ணா. யாரோட குரலு?"

"என்ற தங்கச்சி. வசந்தாமணி."

ஒரு காலத்தில் அண்ணனும் தங்கையும் இதே காரில் ரேலி, அதாவது காட்டு ரோட்டுப் பந்தயம், ஓட்டினார்கள். அவன் ஓட்டுவான். இடது சீட்டில் அவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, வரப்போகும் வளைவை, எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம், என்ன எண் என்று முன்கூட்டியே படிப்பாள். எண் பெரிதாக இருந்தால் வளைவு லேசு, மிதிக்கலாம். எண் சின்னதானால் வளைவு கடுசு, அடக்கவேண்டும். அவன் கண் பார்க்காததை அவன் காது பார்த்தது. அப்படி ஆறு வருஷம்.

"இப்ப அவங்க எங்கீங்ணா?"

"தாராபுரத்துல. பேச்சுவார்த்தை இல்லை. ஒம்போது வருசமாச்சு. தேயிலைக் காட்டுல ஒரு ரேலி. கடைசி வளைவுல வண்டி உருண்டுருச்சு. அவளுக்குக் காரை எலும்பு போச்சு."

"யாரு தப்புங்ணா?"

"அவ தப்பாப் படிச்சுட்டா."

ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

மாஸ்டர் தலையை ஆட்டினார். "செரி. ஆரம்பிங்க."

*

திருமூர்த்தி ஜாக்கி போட்டுத் தூக்கினான். ஸ்டாண்டு வைத்தான். சக்கரத்தைக் கழற்றினான். ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்தான். ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்து தொங்கியது. புதுசை மரவேலை கிளாம்ப்பில் வைத்து அழுத்தி உள்ளே ஏற்றினான். ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கோத்து, இவ்வளவு முறுக்கு என்று கணக்கு வைத்துப் பிடிக்கிற டார்க் ரெஞ்ச்சால் முறுக்கினான். ரெஞ்ச் 'டிக்' என்றது.

மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி, மாஸ்டர்?"

"வேலை சுத்தங்ணா."

"இந்தத் தடவை தாங்குமா?"

"கிழிஞ்சுரும்."

திருமூர்த்தி ரெஞ்ச்சைக் கீழே வைத்தான். "அதான் ஏன்?"

மாஸ்டர் எழுந்து வந்தார். "எந்திரிங்க. நேரா நில்லுங்க. கழுத்தை வலது பக்கம் திருப்புங்க. இன்னும். இன்னுங் கொஞ்சம். ஆ, அவ்வளவுதான். அப்படியே இருங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்."

போய்விட்டார்.

வலது பக்கம் காம்பவுண்டுச் சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு பல்லி தெரிந்தது. ஐந்து நிமிஷத்தில் பல்லி போய்விட்டது. சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் தலை தெரிந்தது. எட்டு வருஷமாகப் பக்கத்து வீடு. வாரத்துக்கு ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் பேச்சில்லை.

"என்னாச்சுங்? சுளுக்கா?"

"இல்லீங்க," என்றான், கழுத்தைத் திருப்பாமல். "பாடம் படிக்கறேன்."

டீச்சரம்மா முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவர். இப்படி ஒரு பாடத்தை அவர் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மாஸ்டர் இருபது நிமிஷம் கழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வலிக்குதுங்களா?"

"உசுரு போகுது."

"யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்லை."

"மூட்டை கீட்டை சொமந்தீங்களா?"

"இல்லையே. சும்மா திரும்பிட்டுத்தானே நின்னேன்."

மாஸ்டர் சக்கரம் இருந்த இடத்தைக் காட்டினார். ஆர்ம் அந்தரத்தில் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

திருமூர்த்தி கழுத்தைத் தடவியபடி அதையே பார்த்தான். வண்டி ஆகாயத்தில் இருக்கும்போது ஆர்ம் தொங்குகிறது. தொங்குகிற வாக்கிலேயே அவன் முறுக்கிவிடுகிறான். ரப்பரும் அந்த வாக்கிலேயே இறுகிப்போகிறது. பிறகு வண்டியைக் கீழே இறக்கினால் ஆர்ம் மேலே ஏறும். ரப்பர் பாவம், அன்றிலிருந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

"ஓடாம நிறுத்தி வெச்சிருந்தாக்கூட அப்படித்தானா, மாஸ்டர்?"

"நிறுத்தி வெச்சிருந்தா ஓயவே ஓயாதுங்ணா."

திருமூர்த்தி ஸ்பேனரை எடுத்து, முறுக்கிய போல்ட்டைத் தானே தளர்த்தினான்.

*

"எடை எறங்கோணும். அப்புறந்தான் முறுக்கோணும்," என்றார் மாஸ்டர்.

சக்கரத்தை மாட்டி, நாலு சக்கரத்துக்கும் கீழே தடித்த மரக்கட்டைகளைக் கொடுத்து வண்டியை அவற்றின் மேல் இறக்கினார்கள். இப்போது வண்டி தன் காலில் நின்றது. அடியில் ஆள் நுழையவும் இடம் இருந்தது. மாஸ்டர் ஒரு கோணிச்சாக்கை விரித்து உள்ளே போனார். அடியிலிருந்து குரல் வந்தது.

"மேல யாரு உக்காந்து ஓட்டுவாங்களோ அவிய எடையும் சேரோணுங்ணா. இந்த மாதிரி வண்டி லேசான வண்டி. ஆளு உக்காந்தாலே எறங்கும். உங்க எடை?"

"எண்பத்தி ரெண்டு."

"நீங்க ஏறி உக்காந்துக்குங்க. நான் முறுக்கறேன். இடது பக்கம் யாரு?"

"யாருமில்லை."

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. ஒருத்தருக்குன்னா ஒருத்தருக்கே முறுக்கிரலாம். தப்பில்லீங்ணா. வண்டி ஜம்முன்னு ஓடும். பத்து வருசத்துக்குத் தொட வேண்டியதில்லை."

திருமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இடது சீட் இன்னும் முன்னால் தள்ளியே இருந்தது. வசந்தாமணி குள்ளம். கால் எட்டுவதற்காக அவள் முன்னால் இழுத்து வைத்த இடம் அது. ஒன்பது வருஷத்தில் அந்த சீட்டை அவன் ஒரு விரல்கூடப் பின்னால் தள்ளியதில்லை.

பத்து வருஷத்துக்குத் தொட வேண்டியதில்லை.

"ரெண்டு பேருக்கு," என்றான்.

"எத்தனை கிலோ?"

"அம்பத்தி நாலு."

"எப்பங்ணா?"

"அந்த ரேலிக்கு முன்னாடி எடை போட்டாங்க."

"இப்போ?"

திருமூர்த்தி இடது சீட்டைப் பார்த்தான்.

"ஒம்போது வருசமாச்சு. ஏறியிருக்கும். அறுபதுன்னு வெச்சுக்கலாம், மாஸ்டர்."

அடியில் கோணிச்சாக்கு சரசரத்தது.

"ரெண்டு கிலோ முன்னப்பின்ன இருந்தா கிழிஞ்சுருமா?"

"கிழியாதுங்ணா."

"அப்புறம் என்ன?"

"அறுபதுன்னு போட்டா அது அறுபது கிலோ சீட்டு. அவங்க சீட்டு இல்லை." ஸ்பேனர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "கேட்டுச் சொல்லுங்க. நான் இங்கதான் படுத்திருக்கறேன். கீழ சில்லுன்னு இருக்குது."

*

நம்பர் ஃபோனில் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைத் திறந்து பார்ப்பான். மூடுவான்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நிம்மதி வரப்போகிற நேரத்தில் எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பைக் குறைத்தார்கள்.

"எந்த நான்?"

ஊரில் எவர் குரலையும் காட்டத் தெரிந்தவனுக்குத் தன் குரல் பிடிபடவில்லை. "திருமூர்த்தி."

"சொல்லு."

"மணி, உன்ற எடை எத்தனை?"

"என்னது?"

"எடை. கிலோ."

"ஒம்போது வருசங் கழிச்சு ஃபோன் பண்ணி எடை கேக்கறயா? காலையிலயே குடிச்சிருக்கியா?"

"இல்லை. வண்டிக்குப் புஷ்ஷு மாத்தறேன். அந்தச் சீட்டுக்கு எடை வேணுமாம்."

குக்கர் இன்னொரு தடவை விசில் அடித்தது.

"அந்த வண்டி இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"நோட்டு?"

"இருக்குது."

"எடு. கடைசிப் பக்கம். கடைசி வளைவுல நான் என்ன படிச்சேன்னு சொல்லு."

திருமூர்த்தி பெல்ட்டின் பட்டனை அழுத்தினான். அது துருப்பிடித்துப்போய் ரெண்டு தடவை அழுத்திய பிறகே விட்டது. நோட்டு மொடமொடத்தது. கடைசிப் பக்கத்தில் அவளுடைய குண்டு குண்டான எழுத்து. பார்க்காமலே தெரியும். இருந்தாலும் பார்த்தான். படித்தான். அவள் குரலில் அல்ல.

"இடது ரெண்டு. உள்ளே கல்லு. வளைவை வெட்டாதே."

"எல்லாருக்கும் முன்னாடி நீ என்ன சொன்னே?"

"நாலுன்னு நீ படிச்சேன்னு சொன்னேன்."

"ம்."

"நீ ரெண்டுன்னுதான் படிச்சே, மணி. என்ற காதுல விழுந்துச்சு. நான்தான் மிதிச்சேன்."

அந்தப் பக்கம் மூச்சை இழுப்பது கேட்டது. தேயிலைக் காட்டில் அடுத்த வளைவைப் படிப்பதற்கு முன்னால் அவள் இப்படித்தான் மூச்சை இழுப்பாள். அவன் காத்திருந்தான்.

"அறுபத்தி ரெண்டு," என்றாள்.

வைத்துவிட்டாள்.

*

"எத்தனைங்ணா?" என்றது அடியிலிருந்து குரல்.

"அறுபத்தி ரெண்டு."

"நல்லா இருக்காங்களா?"

"கேக்கலை."

எடைக்குக் கல்லைத் தேடினான், மூட்டையைத் தேடினான். தனியாக இருக்கிறவன் வீட்டில் எதுவும் மூட்டையாக இருப்பதில்லை. கேன் தண்ணீர் இருந்தது. குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தான். கேனோடு இருபது கிலோ எழுநூறு. மூன்று கேன் என்றால் சரியாக இருக்கும். ஆனால் அவன் வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு கேன்தான் வரும்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

"டீச்சரம்மா, ரெண்டு கேன் தண்ணி வேணும். ஒரு மணி நேரத்துல திருப்பித் தந்தர்றேன்."

"எடுத்துக்குங்க. கழுத்து செரியாயிருச்சா?"

"ஆயிருச்சுங்க."

"ரெண்டு கேனா? விருந்தாளிக வந்திருக்காங்களாட்ட இருக்குது?"

திருமூர்த்தி ஒரு கேனைத் தோளில் ஏற்றி, இன்னொன்றைக் கையில் தொங்கவிட்டபடி நின்றான்.

"தங்கச்சி," என்றான். வேறு சொல் வாயில் வரவில்லை.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா? சொல்லவே இல்லையே!"

ரெண்டு கேனை இடது சீட்டில் வைத்தான். ஒன்றைக் கால் வைக்கிற இடத்தில் வைத்தான். ஒவ்வொரு கேன் ஏறும்போதும் வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் தாழ்ந்தது. சுற்றி வந்து தன் சீட்டில் உட்கார்ந்தான். கேன்களில் தண்ணீர் மெல்ல ஆடி அடங்கியது.

"முறுக்கட்டுங்களா?"

"முறுக்குங்க, மாஸ்டர்."

அடியில் ரெஞ்ச் 'டிக்' என்றது. இன்னொரு முறை 'டிக்'.

*

கேன்களை இறக்கி, கட்டைகளை எடுத்துவிட்டு, திருமூர்த்தி வண்டியை ஒரு ரவுண்டு எடுத்தான். ரெண்டு தெரு, மூன்று வேகத்தடை. வண்டி ஏறியது, இறங்கியது. டொடக் இல்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்தக் குரல் வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டிக்குள் இவ்வளவு அமைதியை அவன் கேட்டதில்லை. இத்தனை நாளும் அந்தச் சத்தம் ஒரு துணையாக இருந்திருக்கிறது என்பது மூன்றாவது வேகத்தடையில்தான் உறைத்தது.

வீட்டு முன்னால் நிறுத்தினான். மாஸ்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போயிருச்சு, மாஸ்டர்."

"ம்."

திருமூர்த்தியின் கை தன் பாட்டுக்கு நோட்டை எடுத்து இடது சீட்டில் வைத்தது. பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டிப் பூட்டியது.

ஃபோனை எடுத்துப் பார்த்தான். ஒன்றும் வந்திருக்கவில்லை.

"அவளுக்குன்னு முறுக்கியாச்சு. அவ வரலைன்னா, மாஸ்டர்?"

மாஸ்டர் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து, இடது பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார்.

"பெல்ட்டைப் பூட்டி வெச்சுட்டா, வந்தாலும் எப்படிங்ணா உக்காருவாங்க?"